கடைசி இரண்டு வரிசை

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. சென்ற மாதம் எங்கள் பழைய தீயணைப்பு நிலையத்திலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருபத்து நாலு மணி நேர வேலை முறையை மாற்றி, எட்டு மணி நேர ஷிப்ட் கொண்டுவரச் சொல்லி மேலே ஒரு மனு கொடுக்கப் போகிறார்களாம். அதோடு சேர்த்து வைக்க, ஓய்வு பெற்றவர்களிடம் அனுபவம் எழுதி வாங்குகிறார்கள்.

"நீங்க பாத்த பெரிய தீ ஒண்ணு எழுதிக் குடுங்கண்ணா. எத்தன மணி நேரம் நின்னீங்க, என்னென்ன செரமப்பட்டீங்கன்னு எழுதுனாப் போதும்" என்றார்கள்.

சரி என்று சொல்லி அனுப்பினேன். பெரிய தீக்குத் திருப்பூரில் பஞ்சமில்லை. பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, நூல் மில் என்று எல்லாவற்றிலும் நின்றிருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு நாள்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது. அன்று தீ அணைந்த பிறகு நான் செய்த ஒரு காரியம். அது மனுவுக்கு உதவுமா, கெடுக்குமா என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சியில் ஏணி ஏறவும், கயிற்றில் இறங்கவும், ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடவும் சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீர் ஓஸ் குழாயை உதறி விரிப்பதற்கு எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். தூங்காமல் இருக்கிற மனிதன் என்ன ஆவான் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை நாங்களே கற்றுக்கொண்டோம்.

காலை எட்டு மணிக்கு வேலையில் ஏறினால் மறுநாள் காலை எட்டு மணிக்கு இறங்க வேண்டும். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தால் வண்டியில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினவன் எப்போது இறங்குவான் என்பது தீயைப் பொறுத்தது. ஆள் பற்றாக்குறை எப்போதும் இருந்தது.

முதல் நாள் முழித்திருப்பது ஒன்றும் பெரிதில்லை. டீ குடித்தால் ஓடிவிடும். முப்பது மணி நேரம் தாண்டினால்தான் வேடிக்கை ஆரம்பிக்கும். அடிக்காத மணி காதில் கேட்கும். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. எங்கள் ஓட்டுநர் முருகேசன் ஒருமுறை பெரிய தீ ஒன்றை முடித்துத் திரும்பும்போது, சிக்னலில் பச்சை எரிய வண்டியை நிறுத்தினார். சிவப்பு விழுந்ததும் எடுத்துக்கொண்டு போனார். வண்டியில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஒருத்தருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. நிலையத்துக்கு வந்து பூட்ஸ் கழற்றும்போதுதான் ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். பல வருடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது அந்த அளவுக்குச் சிரிப்பு வருவதில்லை.

எனக்கு நாற்பது வயதான சமயத்தில் துரைசாமி சார் எங்களுக்கு நிலைய அலுவலராக வந்தார். காங்கயம் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு. கடைநிலை ஆளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். தீ பெரிதாக ஆக ஆக அவர் குரல் சின்னதாகும். கத்திக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு நடுவில் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே நாங்கள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் போவோம். அறிக்கை எழுதும்போது அடித்தல் திருத்தல் இருக்காது. முதலில் மனதுக்குள் வாக்கியத்தை முழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை வைப்பார்.

பஞ்சு, நூல், பனியன் வேஸ்ட் இவற்றில் பிடிக்கிற தீ பற்றி அவருக்கு ஒரு முறை இருந்தது. பனியன் துணி வெட்டும்போது விழுகிற துண்டுகளை மெஷினில் வைத்து அழுத்தி, பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டாக்கி அடுக்கி வைப்பார்கள். அந்தக் கட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் வழிந்துதான் ஓடும், உள்ளே போகாது. வெளியே ஈரமாக, ஒன்றும் ஆகாததுபோல இருக்கும். உள்ளே உமிக்குள் நெருப்பு மாதிரி கனிந்துகொண்டே கிடக்கும். ஒரு நாள் கழித்துக்கூட எழும்பும். அதனால் சுவாலை அடங்கிய பிறகு, மிச்சம் இருக்கிற கட்டு ஒவ்வொன்றிலும் நீளமான இரும்புக் கம்பியைச் செருக வேண்டும். பத்து எண்ண வேண்டும். உருவி, நுனியை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். சுட்டால் அந்தக் கட்டை அங்கேயே பிரித்து நனைக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டுக்குப் போக வேண்டும். நூறு கட்டு இருந்தாலும் இதுதான்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலையில் ஏறினேன். பகலில் இரண்டு அழைப்பு. ஒன்று காட்டில் காய்ந்த புல். இன்னொன்று கிணற்றில் விழுந்த எருமை. சாயங்காலம் ஒரு சாயப்பட்டறையில் பாய்லருக்கு அடுக்கியிருந்த விறகு பற்றிக்கொண்டது. அதை அணைத்துவிட்டு வரும்போது விடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு, இன்னும் அரை மணியில் வீட்டுக்குப் போகலாம் என்று முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. சாமளாபுரம் ரோட்டில் ஒரு வேஸ்ட் குடோன்.

நாங்கள் போனபோது கூரைத் தகரம் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. மாற்று ஆட்களும் நேராக அங்கேயே வந்து சேர்ந்தார்கள். பக்கத்து ஊர் வண்டிகளும் வந்தன. தண்ணீர் லாரி லாரியாக வந்தது. சாயங்காலத்துக்குள் சுவாலை அடங்கியது, பக்கத்து ஊர் வண்டிகள் திரும்பிப் போய்விட்டன. பிறகு உள்ளே போய் எரிந்த கட்டுகளைக் கொக்கி போட்டு இழுத்து வெளியே தள்ளும் வேலை. அந்த வேலைக்கு முடிவே கிடையாது. புதன்கிழமை காலையில் வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் புகை வருகிறது என்று அழைப்பு வரவே, மாற்று ஆட்கள் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். மிஞ்சியது துரைசாமி சார், முருகேசன், நான், ஓஸ் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நின்ற இரண்டு பேர்.

துரைசாமி சார் என்னைப் பார்த்து, "செல்வராஜ், உங்களுக்கு ரெண்டு நாளாச்சுங்க. ஊட்டுக்குப் போறீங்களா?" என்றார்.

"வேண்டாங்க சார். முடிச்சுப்போட்டே போயிர்றனுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. கம்பியையும் சுண்ணாம்புக் கட்டியையும் என் கையில் கொடுத்தார். வடக்குச் சுவர் ஓரமாக எரியாமல் தப்பித்த கட்டுகள் எட்டு வரிசை இருந்தன.

"எட்டு வரிசைங்க. ஒண்ணு உடாம பாத்துருங்க" என்றார்.

ஆரம்பித்தேன். செருகினேன், பத்து எண்ணினேன், உருவினேன், உள்ளங்கையில் வைத்தேன், கோடு போட்டேன். முதல் வரிசையில் ஒரு கட்டு சுட்டது. பிரித்து நனைத்தோம். மூன்றாவது வரிசையில் எண்ணிக்கை பத்தைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எங்கே ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மறுபடி செருகினேன். ஆறாவது வரிசை முடிந்தபோது கால் தானாக மடங்கியது. சுவர் ஓரம் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முருகேசன் ஆரன் அடித்த சத்தத்தில் கண் விழித்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. வாசலில் வெயிலுக்கு எதிராகத் துரைசாமி சார் நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதுங்களா?"

நான் அந்த இரண்டு வரிசையையும் பார்த்தேன். கோடு போடாத கட்டுகள். முப்பது இருக்கும். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒரு வருடம் மாதிரித் தெரிந்தது.

"முடிஞ்சுதுங்க சார்."

"எல்லாம் பாத்தாச்சுங்களா?"

"பாத்தாச்சுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். குடோன்காரரிடம், "கட்டு அத்தனையும் பாத்தாச்சுங்க. ஆளு வெச்சு வெளிய எடுத்து வெயில்ல பரப்பிப் போட்டுருங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் என் மனைவி சாந்தாமணி உலுக்கி எழுப்பினாள். "ஏனுங்க, எந்திரிங்க. அந்த குடோன் மறுக்காவும் புடிச்சுக்கிச்சாமா. ஒரு பொம்பளைக்கு நெருப்புக் காயமாமா" என்றாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். நான் போவதற்குள் தீயை அணைத்துவிட்டார்கள். ஏழாவது வரிசையில் ஒரு கட்டு. குடோனில் துணியை நிறம் பார்த்துப் பிரிக்கும் பெண்களைக் கூப்பிட்டுக் கட்டுகளை வெளியே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மரகதம் என்ற பெண் அந்தக் கட்டின் பட்டையை அறுத்துப் பிரித்த கையோடு காற்றுப் பட்டு குப்பென்று எழுந்திருக்கிறது. சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டை பற்றிக்கொண்டது. கூட இருந்த பெண்கள் ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வலது கையும் கழுத்தின் ஒரு பக்கமும் வெந்துவிட்டது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள்.

துரைசாமி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "செல்வராஜ், அந்த வரிசைய நீங்க பாத்தீங்கதானுங்களே?"

"பாத்தனுங்க சார்."

முதல் பொய்யைத் தூக்கம் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னபோது நான் மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து, தெளிவாக இருந்தேன்.

அடுத்த இரண்டு நாள் எனக்கு ஓய்வு. வீட்டில்தான் இருந்தேன். படுத்தால் தூக்கம் வரவில்லை. தூக்கத்துக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். கடைசியில் அதுவும் இல்லாமல் போயிற்று. சாந்தாமணி இரண்டாம் நாள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு, "எதையோ வெச்சுக்கிட்டுத் தவிக்கறீங்க. எங்கிட்டச் சொல்ல வேண்டாம். யாருகிட்டச் சொல்லோணுமோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை துரைசாமி சார் அறைக்குப் போனேன். அவர் அந்தத் தீ பற்றிய அறிக்கையை எழுதி முடித்து, கையெழுத்துப் போடப்போகும் நேரம்.

"சார், கடைசி ரெண்டு வரிசைய நான் பாக்கலீங்க."

அவர் பேனாவை மூடினார். "அன்னைக்கு வாசல்ல வெச்சுக் கேட்டப்ப?"

"பொய் சொன்னனுங்க."

"சாயங்காலம் கேட்டப்ப?"

"அதும் பொய்தானுங்க."

நான் திட்டை எதிர்பார்த்து நின்றேன். அவர், "உக்காருங்க" என்றார். எழுதி வைத்திருந்த தாள்களை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்து எழுத ஆரம்பித்தார். வழக்கம்போல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி நிறுத்தி எழுதினார். எழுதி முடித்ததும் என் பக்கம் திருப்பி வைத்தார்.

"படிச்சுப் பாருங்க. தப்பா இருந்தாச் சொல்லுங்க."

நான் இரண்டு வரிசைக் கட்டுகளைச் சோதிக்கவில்லை என்பதும், சோதித்ததாகத் தவறான தகவல் கொடுத்தேன் என்பதும் இருந்தது. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தார்: 'மேற்படி பணியாளர் அச்சமயம் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பணியில் இருந்தார். இதை அறிந்தே சோதனைப் பணியை நான் அவரிடம் ஒப்படைத்தேன். வேறொருவரைக் கொண்டு சரிபார்க்காதது என் தவறு.'

அவர் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த சமயம் அது. நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"சார், கீழ இருக்கறது வேண்டாங்க."

"ஏனுங்க, அது உண்மை இல்லீங்களா?"

"உண்மைதானுங்க. ஆனா நாந்தானுங்க ஊட்டுக்குப் போவலீன்னு சொன்னேன். நீங்க கேட்டீங்கல்ல."

"கேட்டது தப்புங்க. போங்கன்னு சொல்லியிருக்கோணும். இந்த வேலையில எவனும் நாம் போறேன்னு சொல்ல மாட்டான். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். ஆளு இல்ல, நீங்க இருந்தாத் தேவலைன்னு எனக்கும் இருந்துச்சுங்க." கையெழுத்துப் போட்டார். பிறகு நான் எழுந்து கதவுப் பக்கம் போனபோது சொன்னார்: "உங்க மேல கோவம் இல்லீன்னு சொன்னா அது பொய்யிங்க செல்வராஜ். கோவம் இருக்குது. ரொம்ப இருக்குது. போய் வேலையப் பாருங்க."

விசாரணை நடந்தது. எனக்கு ஒரு வருட சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவர் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. ஆறு மாதத்தில் வேறு மாவட்டத்துக்கு மாற்றலானார். அடுத்த பதவிக்கு அவர் போகவே இல்லை. அதே நிலைய அலுவலராகவே ஓய்வு பெற்றார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் கிளம்பிய நாளில் எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். மற்றவர்களுக்குக் கொடுத்த அளவுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

விசாரணைக்கு நடுவில், சம்பவம் நடந்து ஒரு மாதம் கழித்து, மரகதத்தைப் பார்க்கச் சாமளாபுரத்துக்குப் போனேன். வரிசை வீடுகளில் ஒன்று. கணவன் விசைத்தறிக்குப் போயிருந்தான். கையில் கட்டோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். நான் யார் என்று சொல்லி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவள் கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத ஏனுங்க எங்கிட்ட வந்து சொல்றீங்க? இத்தன நாளா எந்தலையெழுத்துன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அதுல ஒரு நிம்மதி இருந்துச்சு. இனிமே ராத்திரி கை எரியறப்ப எல்லாம் உங்களையில்ல நெனைக்கோணும்?"

எழுந்து வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் மனம் லேசாகும் என்று போனவன் நான். என் பாரத்தில் பாதியை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். பதவி உயர்வு தாமதமாக வந்தாலும் வந்தது. ஆட்களை வைத்து வேலை வாங்கும் இடத்துக்கு நானும் வந்தேன். அப்போது இரண்டு காரியங்களை விடாமல் செய்தேன். வீட்டுக்குப் போகிறாயா என்று யாரையும் கேட்டதில்லை. போ என்று அனுப்பினேன். கடைசிச் சோதனைக்குத் தூங்கி எழுந்து வந்த ஆளைத்தான் விட்டேன். அப்படி ஆள் இல்லாதபோது வண்டியை அங்கேயே நிறுத்திவைத்துக் காத்திருந்தேன். குன்னத்தூர் ரோட்டில் ஒரு பஞ்சுக் குடோனில் இப்படி நாலு மணி நேரம் காத்திருந்ததற்கு முதலாளி மேலே புகார் கொடுத்தார். என் ஆட்களே முறைத்தார்கள். பாதியில் வீட்டுக்கு அனுப்பிய ஒரு நல்ல வேலைக்காரன், நான் அவனை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. நான் விளக்கம் சொல்லவில்லை. சொல்வதென்றால் இந்தக் கதை முழுவதையும் சொல்ல வேண்டும். அதற்குத் தைரியம் வரவில்லை.

எட்டு மணி நேர ஷிப்ட் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று எனக்குத் தெரியாது. ஆட்களைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் குறைத்தால், எட்டு மணிக்கு இறங்க வேண்டியவன் மறுபடியும் இறங்க முடியாமல்தான் நிற்பான். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதற்கு முன்பும் வேலையில் பொய் சொன்னதில்லை, பின்பும் சொன்னதில்லை. ஆனால் ஐம்பது மணி நேரம் முழித்திருந்தவன் என்ன சொல்வான் என்பது அவனுடைய நல்ல குணத்தின் கையில் இல்லை.

இதை எழுத வேண்டுமென்றால் அந்தப் பெண்ணிடம் கேட்காமல் எழுதக்கூடாது என்று தோன்றியது. விசாரித்ததில் இப்போது வேலம்பாளையத்தில் மகளோடு இருக்கிறாள் என்றும், ஒரு கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் பீஸ் செக்கிங் வேலை பார்க்கிறாள் என்றும் தெரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். தலை நரைத்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல் மடங்கியே இருக்கிறது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காரச் சொன்னாள். விஷயத்தைச் சொன்னேன்.

"உம்பேரு வேண்டாம்னா மாத்தி எழுதிக்கறேம்மா" என்றேன்.

"எந்தப் பேரா இருந்தா என்னங்க, எழுதுங்க" என்றாள். பிறகு, "அன்னைக்கு நீங்க சட்டுனு எந்திரிச்சுப் போயிட்டீங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லாமயே போச்சு" என்றாள்.

"சொல்லும்மா."

"அந்தக் கட்ட நான் தெரியாம பிரிக்கலீங்க. தூக்கறதுக்குக் கைய வெச்சனா, அடியில கதகதன்னு இருந்துச்சு. கைய எடுத்துட்டு, மேஸ்திரியக் கூப்புட்டு, இது சுடுதுங்கன்னு சொன்னேன். அவரு, வெயில்ல சுடும், பயர்காரங்க ஒவ்வொரு கட்டா கம்பி உட்டுப் பாத்தாச்சு, உனக்கு அவங்கள உட அதிகமாத் தெரியுமான்னு கேட்டாரு. அவரு திட்டுனதுக்காக நான் பிரிக்கலீங்க. எனக்கே அப்படித்தான் பட்டுச்சு. அத்தன பெரிய ஆளுங்க பாத்துருக்கறாங்க, நம்ம கைதான் தப்பாச் சொல்லுதுன்னு நெனச்சுப்போட்டேன்."

உள்ளே மகள் ஏதோ கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எழுதறதா இருந்தா அதையும் எழுதுங்க. யாருமே எங்கிட்ட அதக் கேக்கலீங்க. விசாரணைக்கு வந்தவங்களும் கேக்கல."

அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.